தெற்குப் பார்த்த மாளிகையும் நாகேஸ்வரி ரீச்சரும்

"இரண்டு வரிசை. உயரமானவர்கள் பின்னுக்கு. பேச்சு வேண்டாம்."

வெதர்லி ஹோலின் கல் வாசற்படியில் நின்று, நாகேஸ்வரி வரதராஜா ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் தொடங்குவார். கைத்தறிச் சேலை, அதன் மேல் பச்சைக் கம்பளிச் சட்டை, காலில் இரண்டு சோடி காலுறை. எதிரே நிற்பவர்கள் சிட்னியிலிருந்து விடுமுறைக்குக் கார் ஓட்டி வந்தவர்கள். கையில் ஐஸ்கிரீம், தோளில் கமரா. யாரும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கிவிட்டு வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

"இந்த வீட்டின் வரலாறு நான்கு தலைப்புகளில் அடங்கும். ஒன்று, பின்னணி. இரண்டு, கட்டடம். மூன்று, வளர்ச்சி. நான்கு, வீழ்ச்சிக்கான காரணங்கள். காரணங்கள் ஐந்து. கடைசியில் கேட்பேன்."

கேட்கவும் செய்வார். அதுதான் சிக்கல்.

வெதர்லி ஹோல், சிட்னிக்குத் தென்மேற்கே, கேம்டன் போகும் வழியில் இருந்தது. ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகை ஒன்றைப் பெயர்த்து வந்து புல்வெளியில் வைத்தது போன்ற கட்டடம். மஞ்சள் கல், இரண்டு மாடி, வானத்தைப் பார்த்துப் பல புகைபோக்கிகள். வாசல் வரை ஓக் மர வரிசை. அதில் பட்டுப்போன ஒவ்வொரு ஓக்கின் இடத்திலும் ஒரு யூக்கலிப்டஸ் தானாக முளைத்திருந்தது. ஒரு காலத்தில் ஓடைக்கு அப்பாலும் பரந்து கிடந்த எஸ்டேட், துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது. மாடி ஜன்னலில் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகள் மேய்ச்சல் நிலத்தைத் தின்றுகொண்டு நெருங்கி வருவது தெரியும். குடும்பத்தின் கடைசி வாரிசான மிஸ் வெதர்லி, திருமணம் ஆகாதவர், எழுபத்தெட்டு வயது, வீட்டைப் பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்றிடம் கொடுத்துவிட்டு வாசற்கதவருகே இருந்த காவல் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சங்கம் ஞாயிறுகளில் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

அந்த வீட்டுக்குள் மீசாலையில் பிறந்த ஒரு பெண் எப்படி வந்து சேர்ந்தார்?

நாகேஸ்வரி சாவகச்சேரியில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினைந்து வருடம் சரித்திரம் படிப்பித்தவர். அவருக்குப் பிடித்த பாடம் இங்கிலாந்தின் நிலமானிய முறைமை. கரும்பலகையில் வர்ணச் சோக்கால் ஒரு மாளிகையும் அதன் எஸ்டேட்டும் வரைவார். நடுவில் பெரிய வீடு. பக்கத்தில் கோயில், அப்பால் மாவு அரைக்கும் ஆலை, சுற்றிவர நாடா நாடாவாகக் குடியானவர்களின் வயல், ஓரத்தில் எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் தரை. பின் நோட்ஸ் சொல்லுவார். பிள்ளைகள் எழுதுவார்கள். காரணங்கள், போக்கு, விளைவுகள். சோதனைக்கு முதல்நாள் மாமரத்தின் கீழ் அந்தக் காரணங்களைச் சத்தமாகப் பாடமாக்கும் குரல்கள் தெருவரை கேட்கும். அப்படியொரு மாளிகையை ரீச்சரும் பார்த்ததில்லை, பிள்ளைகளும் பார்த்ததில்லை. யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவுமில்லை.

1972இல் அவருடைய கணவர் வரதராஜாவுக்கு சிட்னியில் வடிகால் எஞ்சினியர் வேலை கிடைத்தது. லிட்கமில் ஒரு சிறிய வீடு. பிள்ளைகள் இல்லை. நாகேஸ்வரியின் ஆசிரியர் சான்றிதழை இங்கே யாரும் ஏற்கவில்லை. அவர் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கப் போனார். சம்பளம் மோசமில்லை. கூட வேலை செய்த இத்தாலியப் பெண்கள் அன்பானவர்கள். ஆனால் இயந்திரங்களின் இரைச்சலில் ஒரு சொல்லைப் பேச நாலு தரம் கத்த வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பாடம் பேசிய மனிதர் இரண்டு வருடம் வாய் மூடி இருந்தார்.

1974இல் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. சரித்திரப் புகழ் வாய்ந்த மாளிகைக்கு ஞாயிறு வழிகாட்டி தேவை. நேர்முகத்தில் சங்கத்தின் செயலாளர் ஹார்டிங் கேட்டார். மெலிந்த மனிதர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு டை.

"ஆங்கில மாளிகைகளைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா, திருமதி வரதராஜா?"

நாகேஸ்வரி எழுந்து நின்றார். அறையில் கரும்பலகையைத் தேடினார். இல்லை. பரவாயில்லை என்று தொடங்கிவிட்டார். அவர் குடியானவர் எழுச்சியை எட்டும்போது ஹார்டிங்கின் தேநீர் ஆறிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையை விட்டுவிட்டு வேலைக்கு வர வேறு யாரும் தயாராக இல்லை என்பதும் உண்மை. வசந்தம் முடியும்வரை பரீட்சார்த்தமாக, என்று சொல்லி ஹார்டிங் கையைக் கொடுத்தார்.

வீட்டின் வரலாற்றை எழுதியவர் ஹார்டிங்தான். அதன்படி, ஜோசையா வெதர்லி என்பவர் ஷ்ரொப்ஷயரில் நிலப்பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே வந்து ஆட்டு ரோமத்தில் பெரும் பணக்காரர் ஆனார். தன் மூதாதையர் மாளிகையின் அச்சை இந்த மண்ணில் மறுபடியும் எழுப்பினார். நாகேஸ்வரி இதை நான்கு தலைப்புகளாகப் பிரித்து நோட்ஸ் ஆக்கிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எழுதிக்கொள்ள வசதியாக ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு முறை சொன்னார். யாரும் எழுதவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

நவம்பர் தொடக்கத்தில் ஹார்டிங் அவரை அழைத்தார்.

"இரண்டு முறைப்பாடுகள். ஒரு பஸ் சாரதி சொல்கிறார், ஐந்து காரணங்களையும் சொல்லும்வரை நீங்கள் அவரைச் சிகரெட் பிடிக்க வெளியே விடவில்லையாம்."

"நான்கு சொன்னார். நல்ல ஆள். ஐந்தாவது தெரிந்தும் பயத்தில் மறந்துவிட்டார்."

"ஒரு பெண்மணி, தன் கணவரை மூலையில் நிற்க வைத்ததாகச் சொல்கிறார்."

"அவர் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். தள்ளி நில்லுங்கள் என்றேன். மூலை அங்கே இருந்தது."

ஹார்டிங் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேசையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. "ஒவ்வொரு அறையிலும் இப்படி ஒன்று வைக்கலாம் என்று நினைக்கிறோம். பொத்தானை அழுத்தினால் பேசும். வானொலிக்காரர் ஒருவரின் குரலில் பதிவு செய்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசி ஞாயிறு மூன்று மணிக்குச் சங்கத் தலைவர் மக்கேய் வருவார். உங்களையும் கேட்பார், பெட்டியையும் கேட்பார். முடிவு அவருடையது."

திரும்பும் வழியில் ஹோல்டன் காருக்குள் வரதராஜாதான் பேச்சுக் கொடுத்தார்.

"என்னவாம் உம்முடைய துரை?"

"மெஷின் வைக்கப் போகினமாம்."

"என்ன மெஷின்? புல்லு வெட்டுறதோ?"

"கதைக்கிற மெஷின். பொத்தானை அமத்தினா முழுச் சரித்திரமும் சொல்லுமாம்."

"கடைசியில கேள்வி கேக்குமோ?"

"இல்லை."

"அப்ப சனத்துக்கு அதுதான் விருப்பமா இருக்கும்."

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

லிவர்பூல் தாண்டியபின் அவர் குரலைத் தணித்துக் கேட்டார். "இது போனா என்ன செய்யப் போறீர்? பிஸ்கட் கொம்பனி எப்பிடியும் இருக்குத்தானே."

"இருக்கு. ரெண்டு வருசமா அங்க நான் கதைச்சது 'மூவ்', 'ஹோல்ட்', ரெண்டே ரெண்டு சொல்லு. கிழமையில ஒரு நாளாவது வாய் திறக்க வேணும். இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும், சொல்லிப்போட்டன்."

வரதராஜா தலையாட்டினார். வீட்டில் மனைவியின் பேச்சு முழுக்கத் தனக்கே வந்துசேரும் என்ற பயமும் அந்தத் தலையாட்டலில் இருந்தது.

கடைசி ஞாயிறு விடிந்ததே மழையோடுதான். அதற்குமேல், முன் கூடத்திலும் வரவேற்பறையிலும் செவ்வகில் மரப் பலகைத் தரையை மெழுகு போட்டு மினுக்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேலே விரிக்கும் துணி சலவையிலிருந்து வரவில்லை. ஹார்டிங் தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று. தலைவர் வரும்போது தரையில் ஒரு சொட்டுச் சேறு இருக்கக் கூடாது.

மதியம் கழிந்ததும் எதிர்பாராத ஒரு பஸ் வந்து நின்றது. கோல்பர்ன் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர்கள். அவர்கள் போகவிருந்த விவசாயக் கண்காட்சி மழையால் நின்றுவிட்டது. சும்மா திரும்புவானேன் என்று இங்கே திருப்பிவிட்டார்கள். ஆண்கள் எல்லோருடைய காலிலும் ஒரே விதமான பூட்ஸ். மண்ணிறத் தோல், இரு பக்கமும் இலாஸ்டிக், கணுக்கால் வரை சேறு. அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற உயரமான, செம்பட்டை மீசைக்காரர்தான் தலைவர் மக்கேய். அவரும் ஒரு பண்ணைக்காரர். நண்பர்களோடு பஸ்ஸில் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். இது நாகேஸ்வரிக்குத் தெரியாது.

நாகேஸ்வரி தரையைப் பார்த்தார். பூட்ஸ்களைப் பார்த்தார். அதற்குமேல் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மீசாலையிலானாலும் லிட்கமிலானாலும் ஒரு வீட்டுக்குள் போகும்போது மனிதர் செய்வதைத்தான் அவர் செய்யச் சொன்னார்.

"எல்லோரும் சப்பாத்தைக் கழற்றி இங்கே விடுங்கள்."

பண்ணைக்காரர்கள் தங்கள் பூட்ஸ்களைப் பார்த்தார்கள்.

"இது தேவாலயமா?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. வீடு."

முதலில் ஒருவர் குனிந்தார். பிறகு எல்லோரும் ஒற்றைக் காலில் நொண்டத் தொடங்கினார்கள். மீசைக்காரர் மட்டும் தயங்கினார்.

"காலுறையில் ஓட்டையா?" என்றார் நாகேஸ்வரி. "வெட்கப்பட வேண்டாம். எல்லோருக்கும் உண்டு. வாருங்கள்."

வாசற்படியில் நாற்பது ஐம்பது சோடி சப்பாத்துக்கள் கோயில் வாசல் போலக் குவிந்து கிடந்தன. ஊரில் கோயில் வாசலில் அடையாளம் வைக்க யாருக்கும் தோன்றாது. திரும்பி வரும்போது அவரவர் செருப்பு அவரவரைக் கூப்பிட்டுக்கொள்ளும். நாகேஸ்வரியும் அந்த நம்பிக்கையில் உள்ளே போய்விட்டார்.

கார் ஜன்னலுக்குள்ளிருந்து பத்திரிகையோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்த வரதராஜாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. தெற்கிலிருந்து காற்றுத் திரும்பி, மழை படியின் மேல் சாய்வாக அடிக்கத் தொடங்கியது. பூட்ஸ்களுக்குள் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. ஒரு வடிகால் எஞ்சினியர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி உருளைக்கிழங்குக் கூடைகள் இரண்டை எடுத்து வந்தார்.

உள்ளே, வரவேற்பறையில் இரண்டாம் தலைப்பு நடந்துகொண்டிருந்தது. பெரிய அறை, உயர்ந்த கூரை, சுவரெல்லாம் எண்ணெய் ஓவியம், தெற்கு நோக்கி ஆறு நெடிய ஜன்னல்கள். வெறும் காலுறையோடு நின்றவர்கள் கொக்குப் போலக் கால் மாற்றிக் கால் நின்றார்கள். அந்தத் தரை ஐஸ்பெட்டியின் அடித்தட்டுப் போல இருந்தது. நாகேஸ்வரி ஏன் இரண்டு சோடி காலுறை போடுகிறார் என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"பின்னால் நிற்பவர், மீசை வைத்தவர். ஜோசையா வெதர்லி இந்த அறையை ஏன் தெற்குப் பார்க்க வைத்தார்?"

மக்கேய் காலை உரசிக்கொண்டே சொன்னார். "அவருக்கு மூளை பிசகியிருக்க வேண்டும், மேடம்."

கூட்டம் சிரித்தது. நாகேஸ்வரி சிரிக்கவில்லை. "விளக்குக."

"இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வரும். என் ஆட்டுக் கொட்டில்கூட வடக்குப் பார்த்தது. மனிதர் உட்காரும் அறையைத் தெற்கே வைத்தால் வருடம் முழுக்க நடுங்க வேண்டியதுதான். இதோ, நாங்கள் நடுங்குகிறோமே."

நாகேஸ்வரி ஜன்னலைப் பார்த்தார். ஆங்கில மாளிகையின் வரவேற்பறை வெயிலுக்காகத் தெற்கே இருக்கும் என்று பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அது அங்கே. இங்கே சூரியன் மறுபக்கம் போகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யாழ்ப்பாணத்தில் வெயில் வடக்கு, தெற்கு பார்த்து அடிப்பதில்லை. உச்சியில் நின்று எல்லோரையும் ஒரேயடியாகப் பொசுக்கும்.

"சரியான விடை," என்றார் கடைசியில். "ஆனால் மூளை பிசகு ஒரு காரணம் ஆகாது. வேறு காரணம் இருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை."

"கண்டுபிடிக்கும்போது சொல்லுங்கள்," என்றார் ஒரு கிழவர். "அதுவரை என் பூட்ஸைத் தாருங்கள்."

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். படியில் ஒரு சப்பாத்தும் இல்லை. மழைத் தண்ணீர் மட்டும் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது.

"திருடிவிட்டார்கள்!" என்றது ஒரு குரல்.

"நூறு பழைய பூட்ஸை எவன் திருடுவான்?" என்றது இன்னொன்று.

நாகேஸ்வரிக்குச் சந்தேகம் ஒரே ஒருவர் மேல்தான். கார் காலியாக இருந்தது.

"இஞ்சருங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓக் மரத்திலிருந்த காகடூக் கிளிகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

"இஞ்ச, பின்னுக்கு! குசினிக்க!" என்று எங்கோ தூரத்திலிருந்து பதில் வந்தது.

கூட்டம் நீண்ட நடையைக் கடந்து பின்பக்கச் சமையலறைக்குள் பாய்ந்தது. அது வேறு வீடு போல இருந்தது. பெரிய இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மிஸ் வெதர்லி ஞாயிறுகளில் தன் பழைய அடுப்பில் ஸ்கோன் என்ற சிறு ரொட்டி சுடுவதற்காகவே காவல் வீட்டிலிருந்து வருபவர். அவர் கையில் மாவோடு நின்றார். மழை விட்டு, வடக்கு ஜன்னல்கள் வழியாக வெயில் மேசை மேல் விழுந்திருந்தது. வரதராஜா சட்டைக்கையை மடித்துக்கொண்டு வெற்றி பெற்ற முகத்தோடு நின்றார். அடுப்பைச் சுற்றிவர, கண்ணுக்கு அழகாக, பூட்ஸ் வரிசைகள்.

"பாரும், ஒரு சொட்டுத் தண்ணியில்லை. முழுக்கக் காய வைச்சிட்டன்."

நாகேஸ்வரி உற்றுப் பார்த்தார். "இந்த வரிசை முழுக்க இடது கால்."

"ஓம். அது வலது. சோடியா வைச்சா இடம் காணாது. பிரிச்சு அடுக்கினா ஒண்டுக்குள்ள ஒண்டு வடிவா இருக்கும். மூண்டில ஒரு பங்கு இடம் மிச்சம்."

"எல்லாம் ஒரே மண்ணிறம். எது ஆருடையது எண்டு எப்பிடித் தெரியும்?"

வரதராஜாவின் முகத்திலிருந்து வெற்றி மெதுவாக இறங்கியது. "அவையளுக்குத் தெரியாதே? தங்கடை சப்பாத்து?"

"உங்களை நான் காருக்குள்ள இருக்கச் சொன்னனான் எல்லே!"

தமிழ் தெரியாத ஐம்பது பேருக்கும் அந்த உரையாடல் ஒரு சொல் விடாமல் விளங்கிவிட்டது. முதலில் சிரித்தவர் மிஸ் வெதர்லி. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. பிறகு அடுப்பங்கரையே சிரித்தது. ஆண்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பூட்ஸாகக் காலில் மாட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். "இது உன்னுடையது, ஆட்டுக் கிடாய் மணம் அடிக்கிறது." "கிடாய் உன்னைவிட மணமாக இருக்கும்." பெண்கள் தங்கள் சப்பாத்துக்களை ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு ஸ்கோனுக்கு வரிசை கட்டினார்கள். தேநீர் வந்தது. யாருக்கும் போக அவசரமில்லை. அவ்வளவு இதமான அறை அது.

நாகேஸ்வரிக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "மிஸ் வெதர்லி, உங்கள் பாட்டனார் ஏன் வீட்டைத் தெற்குப் பார்க்கக் கட்டினார்?"

"கட்டியவன் சொன்னானாம், தலைகீழாக வைக்கிறீர்கள் என்று. பாட்டன் கேட்கவில்லை. 'ஊரில் அது தெற்கே பார்க்கும், இதுவும் பார்க்கும்.' என் அம்மா அந்த வரவேற்பறையில் விருந்தாளிகளைக் கம்பளிக் கோட்டோடு உட்கார வைப்பார். விருந்தாளிகள் போனதும் நாங்கள் இங்கே ஓடி வருவோம். நான் படித்தது, என் அண்ணன்மார் சண்டை போட்டது, அப்பா செத்தது, எல்லாம் இந்த அறையில்தான்."

"ஆனால் அவர் நிலப்பிரபு வீட்டுப் பிள்ளை. வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?"

மிஸ் வெதர்லி மாவுக் கையைத் துடைத்தார். "பிரபுவா? யார் சொன்னது? பாட்டன் அந்த மாளிகையின் வேட்டைக்காட்டுக் காவலாளியின் மகன். முன்வாசலால் ஒருநாளும் உள்ளே போனதில்லை. முயலும் கௌதாரியும் கொண்டுபோய்ப் பின்கதவில் கொடுப்பார்கள், சமையற்காரி உள்ளே கூப்பிட்டு ரொட்டி கொடுப்பாளாம். அவர் பார்த்தது வெளிச்சுவரும் சமையலறையும் மட்டும்தான். மற்ற அறைகளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று ஊகித்தவை."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள், கல் தொட்டியையும் கொக்கிகளையும் பார்த்தார்கள். அந்த வீட்டில் கட்டியவருக்கு நேரில் தெரிந்த ஒரே அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் பாட்டனாரின் அப்பா ஆடு திருடி, கைதியாக இங்கே கப்பலேற்றப்பட்டவர்," என்றார் மக்கேய், ஒரு பூட்ஸைக் காலில் திணித்தபடி. "பிறகு ஆட்டு மந்தைக்கு முதலாளி ஆனார். அனுபவம் இருந்தது."

சிரிப்பு அடங்கியபோது ஒரு பண்ணைக்காரரின் மனைவி கேட்டார். "ஜோசையாவுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?"

"ஓடைக்கரையில் ஆட்கள் இருந்தார்கள்," என்றார் மிஸ் வெதர்லி. "அப்பா சிறுவனாக இருந்தபோது அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடியிருக்கிறார். பிறகு போய்விட்டார்கள் என்பார். எங்கே என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்."

அவர் கொதித்த கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"பின்னணி என்ற தலைப்பில் அதுதான் முதலில் வர வேண்டும்," என்றார் நாகேஸ்வரி. "நான் விட்டுவிட்டேன்."

மூன்று மணிக்கு ஹார்டிங் சாம்பல் நிறப் பெட்டியோடு முன்வாசலால் வந்தார். தரை பளிங்கு போல இருந்ததில் மகிழ்ச்சி. வரவேற்பறையில் பெட்டியை வைத்து, தலைவர் வரும் நேரம்தான் என்று பொத்தானை அழுத்தினார். வானொலிக்காரரின் கம்பீரமான குரல் வெறும் அறையில் முழங்கத் தொடங்கியது. வெகுதூரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கவே, அதைத் தொடர்ந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தார். சங்கத் தலைவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்க்க, ஸ்கோன் தின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர் மக்கேய்!"

நாகேஸ்வரி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "இவரா தலைவர்?" பிறகு வரதராஜாவின் பக்கம் திரும்பி, "முடிஞ்சுது. மூளை பிசகு காரணம் ஆகாது எண்டு நான் பேசினது இந்த ஆளைத்தான். சப்பாத்தையும் துலைச்சாச்சு."

"சப்பாத்தைத் துலைக்கேல்லை," என்றார் வரதராஜா. "கலந்துதான் போச்சு."

ஹார்டிங்கின் காதில் அதுவரை நடந்த கதை பல வாய்களால் ஒரே நேரத்தில் விழுந்தது. வேட்டைக்காட்டுக் காவலாளி என்ற சொல்லில் அவர் கதிரையொன்றைத் தேடி உட்கார்ந்தார்.

"மிஸ் வெதர்லி, நான் புத்தகம் எழுதும்போது இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் எப்போதும் முன்வாசலால் வந்து அங்கேயே நின்று பேசினீர்கள், மிஸ்டர் ஹார்டிங். அந்தக் குளிரில் யாரால் உண்மை பேச முடியும்? ஸ்கோன் எடுங்கள்."

தூரத்து அறையில் பெட்டி தன்னந்தனியாக, நிலப்பிரபுக் குடும்பத்தின் பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தது. யாரும் போய் அதை நிறுத்தவில்லை.

மக்கேய் அன்று முடிவு ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டு பஸ் ஏறினார். நாகேஸ்வரி அந்த வாரம் பிஸ்கட் தொழிற்சாலையில் ஒரு சொல்கூடக் கத்தவில்லை. வீட்டில் வரதராஜா மெல்ல மெல்லச் சாப்பிட்டார், சத்தம் வராமல்.

புதன்கிழமை ஹார்டிங்கின் தொலைபேசி அழைப்பு வந்தது. தலைவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிந்ததாம், அவருடைய வலது பூட்ஸ் வேறொருவருடையது. ஒரு அளவு சிறிது. இரண்டு நாளாக நொண்டிக்கொண்டு ஆடுகளைப் பார்த்து வருகிறார். தன் பூட்ஸ் தளர்வாக ஆடுகிறது என்று இன்னொரு பண்ணைக்காரரும் அழைத்திருக்கிறார். இன்னும் ஆறு பேரிடமிருந்து இதே செய்தி. எல்லோரும் வரும் ஞாயிறு வெதர்லி ஹோல் சமையலறையில் கூடி மாற்றிக்கொள்வதாக முடிவு. மனைவிமாரையும், அன்று வராத அயலவர்களையும் கூட்டி வருகிறார்கள்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் நாகேஸ்வரி.

"எதற்கு? தலைவர் பெட்டியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அது பேசுவதை நிறுத்திவிட்டுத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுமா, பிறகு யாரையாவது கேட்குமா என்று. நான் இல்லை என்றேன்." ஹார்டிங் தொண்டையைச் செருமினார். "நீங்கள் நிரந்தரம், திருமதி வரதராஜா. ஒரு நிபந்தனை. சுற்றுலா சமையலறையில் தொடங்கும். ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த ஐந்து காரணங்களை மூன்றாகக் குறைக்க முடியுமா?"

"நான்கு," என்றார் நாகேஸ்வரி. அதில் நின்றுவிட்டார்.

சப்பாத்துக் கழற்றும் வழக்கம் நிலைத்துவிட்டது. சனங்கள் அதற்காகவே வந்தார்கள். பாதி சிட்னிக்கு அது செய்தியாகிவிட்டது. ஆகவே சப்பாத்து வைக்க ஒரு தட்டு அவசியமாயிற்று. யாரும் கேட்காமலே வரதராஜா அந்தப் பொறுப்பை ஏற்றார். லிட்கம் வீட்டுக் கராஜில் ஒரு வாரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பைன் மரத்தில் மூன்றடுக்கு, தண்ணீர் வடியச் சரிவு, அடியில் தகரக் கால்வாய், ஒவ்வொரு சோடிக்கும் தனி அறை, மேலே வெள்ளைப் பெயின்ட்டில் இலக்கம். எட்டுப் பேர் தூக்கி வந்து பின்கதவருகே வைத்தார்கள். சங்கத் தலைவர், செயலாளர், மிஸ் வெதர்லி எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

நாகேஸ்வரி பள்ளிக்கூடக் கொப்பி திருத்துவது போல மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா ஏழு ரெண்டு தரம் எழுதியிருக்கிறியள்."

வரதராஜா குனிந்து பார்த்தார். மக்கேய் அதற்குள் தன் பூட்ஸை ஒரு ஏழில் வைத்துவிட்டிருந்தார். ஹார்டிங் மற்ற ஏழில்.